பிரஜையாகப் போன பேய்

நான் ஒரு மனிதரைச் சாகடித்திருக்கிறேன். கத்தியால் அல்ல, வாயால். அதுவும் ஒரு சர்க்கார் அதிகாரியின் முன்னால், கறுப்புக் கோட்டைக் கழுத்துவரை பித்தான் போட்டுக்கொண்டு நின்று சாகடித்தேன். செத்தவர் அப்போது என் பக்கத்திலேயே நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். (பேய்க்குச் சளி பிடிக்குமா என்று யோசிக்கிற நிதானம் அன்று எனக்கு இல்லை.)

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. போடிநாயக்கனூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. ஊருக்கு ரயில் வராத காலம். ஏலமலைக்குப் போக, அடிவாரத்து முந்தலிலிருந்து பொதிக்கழுதைகள் ஏறும் பாதை ஒன்றுதான் உண்டு. அடிவாரம் வரை வெள்ளைக்காரன் ராஜ்யம். ஏறி முடித்தால் திருவிதாங்கூர் மகாராஜாவின் ராஜ்யம். நடுவில் இருக்கும் காடு யாருடைய ராஜ்யம் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் கட்சிக்காரர் வீரணன் கீழே சிலமலை என்ற கிராமத்துக்காரர். வாலிபத்தில் ஏலக்காய் பறிக்க மலையேறியவர் திரும்பி ஊர்ப்பக்கம் போகவே இல்லை. கல்யாணம் மேலேயே, மூன்று பிள்ளைகள் பிறந்ததும் மேலேயே. தன் கையால் காடு திருத்தி ஒரு துண்டு ஏலத்தோட்டமும் வைத்திருந்தார். அதை அவர் பேருக்கு எழுத வேண்டுமானால் அவர் மகாராஜாவின் பிரஜையாக வேண்டும் என்று மலைமேல் இருந்த சர்க்கார் கச்சேரியில் சொல்லிவிட்டார்கள். விசாரணைக்கு நாளும் குறித்துவிட்டார்கள். அன்று காரியம் கைகூடாவிட்டால் தோட்டம் வேறு ஆளுக்குப் போகும். வீரணன் பெண்டாட்டி பிள்ளைகளோடு மலையிறங்க வேண்டும். இறங்கி எங்கே போவது என்பது அவருக்கே தெரியாது.

மனுவை வக்கீல் பிரமாதமாக எழுதியிருந்தார். காட்ட வேண்டியது இரண்டே விஷயம் என்றார். மேலே வெகுகாலமாகக் குடியிருக்கிறார் என்பதற்கு அங்கேயே இரண்டு சாட்சிகள் தயார். கீழே இவருக்குப் பாத்தியதை எதுவும் பாக்கியில்லை என்பதற்கு சிலமலை கிராம முன்சீபின் கடிதம். கடிதம் விசாரணைக்கு முதல்நாள் சாயங்காலம்தான் வந்தது. வக்கீலுக்கோ நல்ல காய்ச்சல்; மலைக்கு நான்தான் போக வேண்டும். போர்வைக்குள்ளிருந்து கேட்டார்:

"லெட்டரை வாசிச்சுப் பாத்தியாடா?"

"ரெண்டு தடவை பாத்துட்டேங்க."

(ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அன்றுதான் தையல்காரர் புதுக் கோட்டைக் கொடுத்திருந்தார். எனக்குக் கண்ணாடி முன்னால் சோலி அதிகம்.)

மறுநாள் விடியும்போது, எனக்கு வழி காட்ட வீரணன் முந்தலுக்கு இறங்கி வந்து காத்திருந்தார். கறுப்புக் கம்பளியைத் தலையிலிருந்து முழங்கால்வரை போர்த்தி, மூக்கையும் வாயையும் மூடியிருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு கண்கள்.

"வெரசா ஏறுங்க தம்பி. மஞ்சு எறங்குறதுக்குள்ள மேட்டத் தாண்டிப்புடணும்."

"எறங்குனா என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்த 'ஒண்ணுமில்ல'யை அவர் இன்னும் கொஞ்சம் சந்தோஷமாகச் சொல்லியிருக்கலாம்.

பாதி மலையில் எனக்கு மூச்சு முட்டியது. ஒரு பாறையில் உட்கார்ந்தேன். அதிகாரி முன்னால் கம்பீரமாக வாசிக்க ஒத்திகை பார்க்கலாமே என்று கடிதத்தைப் பிரித்தேன்.

'மேற்படி வீரணன் மலைக்காய்ச்சலில் இறந்துபோனதாக அவர் தம்பி ஆஜராகிச் சொன்னதன்பேரில், இறந்தவர்கள் பதிவேட்டில் பதியப்பட்டிருக்கிறது. கருமாதியும் முறைப்படி நடந்தேறியது. ஆகவே மேற்படியாருக்கு இவ்வூரில் யாதொரு பாத்தியதையும் இல்லை.'

தலையை நிமிர்த்தினேன். மூடுபனியாக மஞ்சு இறங்கியிருந்தது. எதிர்மலையைக் காணோம், மரங்களைக் காணோம். பத்தடி தள்ளி வீரணன் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். முழங்காலுக்குக் கீழே அவர் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் கணக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள். நான் சட்டம் தெரிந்தவன். முத்திரை போட்ட காகிதம் பொய் சொல்லாது என்று நம்புகிறவன். காகிதத்தில் செத்திருக்கிறார் என்றால் செத்திருக்கிறார். அப்படியானால் எனக்கு முன்னால் நடப்பது எது?

அதன்பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. என் வாயிலிருந்து மூச்சு புகையாக வந்தது; அவரிடமிருந்து ஒரு இழைகூட வரவில்லை. என் கால்களில் அட்டைகள் வரிசையாகத் தொங்கி ரத்தம் குடித்தன. அவருடைய வெறுங்காலில் ஒன்றுகூட இல்லை.

"உங்கள அட்டை கடிக்காதாண்ணே?" என்றேன்.

"எங்கிட்ட குடிக்க என்ன இருக்கு, சொல்லுங்க" என்றார் திரும்பாமலே.

(கம்பளிக்குள் மூச்சு விட்டால் புகை தெரியாது. காலில் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினால் அட்டை அண்டாது. இதெல்லாம் பின்னால் தெரிந்த விஞ்ஞானம்.)

கொஞ்சம் கொஞ்சமாக அவர் மஞ்சுக்குள் கரைந்தார். "வீரணண்ணே!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. "வீரணண்ணே!" என்று கத்தினேன். கேட்காத தூரமில்லை, கால் சருகில் படும் சத்தம் எனக்குக் கேட்டது. ஆனால் பதில் இல்லை. மூன்றாம் முறை கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது?

கொஞ்ச நேரத்தில் அந்தச் சருகுச் சத்தமும் நின்றது. அதுவரை கேட்டுக்கொண்டிருந்த கழுதை மணிகளும் நின்றன. காடு வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. பாதை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பேயானாலும் வழி தெரிந்த பேய் ஆயிற்றே என்று மறுபடி இரண்டு தடவை கூப்பிட்டேன். அதற்குமேல் கூப்பிடவில்லை. இடப்பக்கம் வெளிச்சமாகத் தெரிந்தது. அங்கே காலைத் தூக்கினேன்.

முழங்கையை ஒரு கை பிடித்தது. கிணற்றடிக் கல்லைப்போல் சில்லென்றிருந்தது.

"அங்க மிதிக்காதீக. அங்க ஒண்ணுமில்ல."

மஞ்சு ஒரு கணம் கிழிந்தது. நான் நின்றது ஒரு பாறை முனை; என் சப்பாத்துக்குக் கீழே, வெகு ஆழத்தில், மரங்களின் உச்சிகள் தெரிந்தன.

உயிரைக் காப்பாற்றியவர் காலில் விழுந்திருக்க வேண்டும். நானோ, பேய் தன் இரையை வீணாக்க விரும்பவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பிடித்த கையை அவர் கச்சேரி வாசல்வரை விடவே இல்லை.

கச்சேரி என்பது ஒரு தகரக் கொட்டகை. உள்ளே கணப்புச் சட்டி, கழுத்தில் மப்ளர் சுற்றிய அதிகாரி, ஏலக்காய் பறிக்கும் இரண்டு சாட்சிகள், வாசலில் டவாலி போட்ட சேவகர். சேவகர் மஞ்சைப் பார்த்து ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

"சிலமலை வீரணன்!"

பக்கத்தில் நின்ற வீரணன் அசையவில்லை.

"சிலமலை வீரணன்!"

அசையவில்லை. அதிகாரி தலையைத் தூக்கினார். காலையிலிருந்து நான் அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது.

"ஐயா, கூப்பிடாதீங்க! அவரு வரமாட்டாரு! அவரு செத்து கருமாதியும் ஆச்சு! இந்தாங்க!" என்று அலறி, முன்சீபின் கடிதத்தை மேஜையில் வீசினேன். என் கட்சிக்காரருக்கு எதிராக நானே சாட்சி. ஆவணமும் நான் கொண்டுவந்ததே.

சேவகர் தொடங்கிய வேலையைப் பாதியில் விடுகிறவர் அல்ல. "சிலமலை வீரணன்!" என்று மூன்றாவதும் கூப்பிட்டார்.

"இருக்கேன் சாமி" என்றார் வீரணன்.

அதிகாரி கடிதத்தை வாசித்தார். "எந்தா இது? செத்தவன் பேருல வந்திருக்கியோ? ஆள்மாறாட்டமோ?"

சேவகர் வாசலை மறித்து நின்றார். வீரணன் கம்பளியை விலக்கினார். அன்று முதன்முதலாக அவர் முகத்தைப் பார்த்தேன். தாடி நரைத்த, சளி பிடித்த, பயந்துபோன ஒரு மனிதரின் முகம்.

"எனக்கா சாமி கருமாதி? யாரு பண்ணுனது?"

"உன் தம்பி."

வீரணன் கணப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "மொட்ட போட்டானாமா?" என்று கேட்டார். "சின்னப்புள்ளையில முடிவெட்டவே விடமாட்டான் பய. நாந்தான் பிடிச்சுக்கிருவேன்." கம்பளி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரியின் குரல் இறங்கியது. "நீ செத்தா தம்பிக்கு என்ன கிடைக்கும்?"

"எங்க ரெண்டு பேருக்கும் பொதுவுல ஒரு கொல்லக்காடு கெடக்கு சாமி."

அதிகாரி சாட்சிகளைப் பார்த்தார். "இவரு வீரணண்ணந்தான் சாமி, நாங்க மலைக்கு வந்த நாளா இங்கதான் இருக்காரு" என்றார்கள் இருவரும். அவர் பேனாவை எடுத்தார், என்னை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஒருத்தன் பேரைத் திருட வர்றவன் அவனோட சாவுச்சீட்டையும் கையில கொண்டுவருவானோ? இத்தனை மடத்தனம் கள்ளனுக்கு வராது. இவன் நேரான ஆளு." (மடத்தனம் யாருடையது என்பதை அவர் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை.) "கீழ இருக்கிற சர்க்கார் இவனைச் செத்தவன்னு எழுதிக் கைகழுவியாச்சு. இங்க உயிரோட நிக்கிறான். இனி நம்முடெ ஆளு."

சத்தியம் வாங்கினார். கையெழுத்துப் போட்டார். வக்கீலின் பிரமாதமான மனுவை யாரும் பிரிக்கவே இல்லை.

சாயங்காலம் ஆவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று கிளம்பினேன். மேட்டு முனைவரை வீரணன் வழியனுப்ப வந்தார். மன்னிப்புக் கேட்டேன். "பேயின்னா நெனச்சீக!" என்று இருமல் வரும்வரை சிரித்தார்.

"கூப்பிட்டப்ப ஒரு வார்த்த பேசியிருந்தா நான் ஏண்ணே அப்படி நெனைக்கப்போறேன்?"

"மலையில மொதக் கூப்பாட்டுக்கும் ரெண்டாவதுக்கும் யாரும் வாயத் தெறக்க மாட்டோம் தம்பி. அதுக ரெண்டு தடவதான் கூப்பிடும். மூணாவதா வந்தாத்தான் மனுசக் குரலு. பாற முனையில நீங்க மறுபடி ஆரம்பிச்சு மூணாவதாக் கூப்பிடவும்தான நான் ஓடியாந்தேன். இல்லாட்டி உங்களுக்கும்ல கருமாதி?"

நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பாறை முனையில் நான் கூப்பிட்டது இரண்டே தடவை.

அதை அவரிடம் சொல்லவில்லை. அன்று நான் இறங்கிய வேகத்துக்குப் பொதிக்கழுதைகள் ஒதுங்கி வழிவிட்டன.

வருஷாவருஷம் பறிப்பு முடிந்ததும் வீரணன் ஒரு சின்ன மூட்டை ஏலக்காய் கொடுத்தனுப்புகிறார். கொண்டுவருகிறவர் வாசலில் நின்று, "செத்தவரு குடுத்துவிட்டாரு" என்று சொன்னால்தான் என் பிள்ளைகள் வாங்குவார்கள். நான் யாரையாவது சாப்பிட அழைத்து வந்தால், "மாமா, இவுக எந்த சர்க்காருல உசுரோட இருக்காக?" என்று மைத்துனன் கேட்பான். வீட்டில் நான் கூப்பிட்டு யாரும் உடனே வந்ததில்லை. "மூணாவது வரட்டும்" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி காமாட்சி சொல்வாள். நானும் பிடிவாதமாக இரண்டோடு நிறுத்திக்கொள்வேன்.

போன வாரம் மலைப்பக்கம் மஞ்சு கட்டி, தெருவரை இறங்கியிருந்தது. "காமாட்சி" என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இந்தா, வந்துட்டேன்ல. எதுக்கு மூணு தடவ கத்துறீக?"