கிட்டார் இன்னும் காயவில்லை

ஒரு புதன்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது காயத்ரியிடமிருந்து செய்தி வந்தது. “ஆன்ட்டி, முகிலன் கிட்டார எடுத்துக்கச் சொன்னான். இந்த சனிக்கிழமை வரட்டுமா?”

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “வார்னிஷ் அடிக்கக் கொடுத்திருக்கேன்மா. வந்ததும் சொல்றேன்” என்று பதில் அனுப்பினேன்.

கிட்டார் அப்போது தோ பாயோவில் எங்கள் வீட்டில், முகிலனின் அறை மூலையில், துண்டு போர்த்திக்கொண்டு நின்றிருந்தது. (தூசிக்காகத்தான் போர்த்தினேன். ஏர்கான் போடும் நாட்களில் கொஞ்சம் குளிருக்காகவும்.)

முகிலன் எங்கள் ஒரே மகன். மெல்பர்னுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. போன புதிதில், “கிட்டார் பத்திரம்மா, அடுத்த தடவை எடுத்துட்டுப் போறேன்” என்று ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தான். போன மாதம் குரல் மாறியது. “சும்மாதானே கெடக்கு, காயத்ரிகிட்ட கொடுத்துடுங்க. ஸ்கூல் பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர வேணுமாம்” என்றான். காயத்ரி பல்கலைக்கழகத்தில் அவனுடைய இசைக்குழுவில் பாடியவள், இப்போது தொடக்கப்பள்ளி ஆசிரியை. நல்ல பெண். கேட்டதும் நியாயம். ஆனால் கிட்டார் போய்விட்டால் அவன் திரும்பி வரவே மாட்டான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நான் வேதியியல் ஆசிரியை. இப்படி ஒரு முடிவை என் மாணவர்கள் யாராவது எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்து, ‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்டிருப்பேன்.

சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கும் என் கணவர், வந்து சேராத பெட்டிகளைத் தேடியே பழகியவர். அன்று மாலை விசாரணையைத் தொடங்கினார்.

“வார்னிஷ் அடிக்க யார்கிட்ட கொடுத்திருக்கே, தேவி?”

“இன்னும் தெரியலங்க.”

“எப்போ திரும்பி வரும்?”

“அது இன்னும் போகவே இல்லயே.”

“பேசாம அந்தப் புள்ளகிட்ட, கொடுக்க மனசில்லன்னு சொல்லிடு.”

“மனசெல்லாம் இருக்கு. கீறலோட எப்படிக் கொடுக்கறதுன்னுதான் பாக்கறேன்.”

இதைச் சொன்ன பிறகு பின்வாங்க வழியில்லை. மறுநாள் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் நகரத்துக்குப் போனேன். (ஐம்பத்து மூன்று வயது, பட்டுக்கரைச் சேலை, முதுகில் கிட்டார். எதிரே இருந்த இளைஞன் எழுந்து இடம் கொடுத்தான். எனக்கா, கிட்டாருக்கா என்று தெரியவில்லை.) பழுதுபார்க்கும் கடையில் இருந்த சீனத் தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எதுக்கு ஆன்ட்டி? வாசிச்ச கிட்டார் இப்படித்தான் இருக்கும். சுரண்டினா சத்தமே மாறிப்போகலாம்” என்றான். கண்டிப்பாக வேண்டுமென்றால் விட்டுவிட்டுப் போகலாம், டிசம்பர்வரை வரிசை இருக்கிறது என்றும் சொன்னான்.

டிசம்பர்! எனக்கு அந்தப் பையனைக் கும்பிடலாம்போல இருந்தது. டிசம்பரில் எப்படியும் முகிலனுக்கு விடுமுறை. ஆனால் பெயர் எழுதிக்கொடுக்கப் பேனாவை எடுத்தபோது அந்த அறை மூலை நினைவுக்கு வந்தது. டிசம்பர்வரை அது காலியாக இருக்கும். கிட்டாரைப் பிரியாமலிருக்க கிட்டாரைக் கடையில் விட்டுவிட்டுப் போவதா? பேனாவை மூடினேன். பொய்யும் மெய்யாக வேண்டும், கிட்டாரும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றால் ஒரே வழிதான். நானே அடிப்பது.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த ஹார்டுவேர் கடையில் உப்புத்தாளும் வார்னிஷும் தூரிகையும் கேட்டேன்.

“நாற்காலியா, மேசையாக்கா?” என்றார் கடைக்காரர்.

“கிட்டார்.”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். “சின்ன டின்னே போதும்” என்றார். அவர் குரலில் இருந்தது இரக்கம் என்று இப்போது புரிகிறது.

சனிக்கிழமை தந்திகளைக் கழற்றி, முகிலனின் பழைய நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தேய்க்கத் தொடங்கினேன். பின்பக்கம் அவன் இடுப்புவார் உரசிய கோடுகள் இருந்தன. அவை போயின. விளிம்பில், ஒன்பதாம் வகுப்பில் கதவில் இடித்த பள்ளம். அது பாதி போனது. முன்பக்கம், ஓட்டைக்குக் கீழே, தந்தியை மீட்டும்போது அவன் விரல்கள் பட்டுப்பட்டு வெளுத்த இடம் ஒன்று, உள்ளங்கை அகலத்துக்கு. அங்கே உப்புத்தாளை வைத்தேன், எடுத்தேன். மறுபடி வைத்தேன். முடியவில்லை. அதைச் சுற்றி மட்டும் தேய்த்தேன்.

வேலை முடிந்து வந்த கணவர் எட்டிப் பார்த்தார். “குளிக்கும்போது தண்ணி நின்னுபோன ஆள் மாதிரி இருக்கு” என்றார்.

வார்னிஷ் வாடை மூடிய அறைக்கு ஆகாது. காற்றோட்டம் வேண்டும் என்று இருபத்தைந்து வருடமாகப் பாடம் நடத்துகிறேன். ஆகவே நான்காம் மாடித் தாழ்வாரத்தில், துணி காயப்போடும் மூங்கில் கழியில், கழுத்தில் கயிறு கட்டிக் கிட்டாரைத் தொங்கவிட்டு வார்னிஷ் அடித்தேன். மாலை வெளிச்சத்தில் அது தேன் பூசியதுபோல மின்னியது. பழுதுபார்க்கும் கடைப் பையன் பார்த்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது முகிலன் அழைத்தான்.

அவன் வழக்கமாக நான்கு நிமிடம் பேசுவான். அன்று என்னவோ, சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் ஃபோனைச் சாய்த்துவைத்துவிட்டு, ரசம் வைப்பது எப்படி என்று கேட்டான். புளி எவ்வளவு, பெருங்காயம் எப்போது, நுரைத்தால் போதுமா, கொதிக்க வேண்டுமா. நான் உலகத்திலேயே மிக மெதுவாக வைக்கப்பட்ட ரசத்தைச் சொல்லிக்கொடுத்தேன். நடுவில் அவன் கேட்டான்:

“கிட்டார் கொடுத்துட்டீங்களா?”

“காயுதுடா.”

“என்னம்மா காயுது?”

“நீ மிளகு போட்டியா, அதச் சொல்லு.”

ஃபோனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். கிட்டார் சாம்பல் நிறத்தில் இருந்தது.

அது சீனர்களின் ஏழாம் மாதம். மூதாதையருக்காகக் காகிதப் பணத்தை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே பெரிய இரும்புத் தொட்டிகளில் எரிப்பார்கள். இருபது வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். ஏழாம் மாதத்தில் துணி காயப்போடக்கூடாது என்று தெரியும். கிட்டாரும் துணிதான் என்று தோன்றவில்லை. கருகிய காகிதம் மிதந்து மேலே வந்து, ஈர வார்னிஷில் ஒவ்வொன்றாக உட்கார்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு லிம் ஆன்ட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்.

“ஐயோ, யாரோட தாத்தா பணமோ. பிக்கறதுக்கு முன்னாடி சாரி சொல்லிடு லா” என்றார் ஆங்கிலத்தில்.

நான் உண்மையாகவே கையைக் கூப்பி சாரி சொன்னேன். கணவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் சிரிப்பது கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது.

இப்போது எங்கள் வீட்டில் தள்ளிப்போடுகிற எதற்கும் ஒரே பதில்தான். மின்விசிறி துடைத்தாயிற்றா? காயுது. பல் மருத்துவரிடம் போனீர்களா? காயுது. முகிலனிடம் “எப்படா வர்றே?” என்று கேட்டால், “காஞ்சுக்கிட்டு இருக்கேம்மா” என்கிறான். எல்லாரும் சிரிப்போம். நான் ஃபோனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கும் கீழே புகை தெரிந்தால் கால் தானாகத் தாழ்வாரத்துக்கு ஓடுகிறது.

வார்னிஷ் அடித்த மறுநாள் காலை, நீச்சல் கண்ணாடியோடு, புருவம் திருத்தும் இடுக்கியால் சாம்பலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு துணுக்கும் வரும்போது கொஞ்சம் வார்னிஷையும் கூட்டிக்கொண்டு வந்தது. இரும்புக் கதவுக்கு வெளியே நிழல் விழுந்தது. காயத்ரி. முகிலன் அவளுக்கு ஃபோன் செய்து, அம்மா ஏதோ செய்கிறார்கள், போய்ப் பார் என்று சொல்லியிருக்கிறான்.

அவள் கிட்டாரைப் பார்த்துச் சிரித்தாள். தேய்த்த பாதி, சாம்பல் பாதி, நடுவில் நான் தொடாமல் விட்ட அந்த வெளுத்த இடம். அதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். நான் உப்புத்தாள், ஈரப்பதம், டிசம்பர் வரிசை என்று என்னென்னவோ விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கையை நீட்டி இடுக்கியை வாங்கிக்கொண்டாள்.

“நான் ஸ்கூல்ல வேற கிட்டார் கேட்டுக்கறேன், ஆன்ட்டி” என்றாள். ஒரு துணுக்கைப் பிய்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

“அவனோட ஜாக்கெட் ஒண்ணு என் வீட்ல இருக்கு. ரெண்டு வருஷமா லாண்டரில இருக்குன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்.”