குடையை இறக்காதே

நண்பன் லுபோர் மலைக்கோட்டையைப் பார்க்கப் போகும்போது ஒரே ஒரு கட்டளைதான் போட்டுவிட்டுப் போனான். "என்ன ஆனாலும் குடைய இறக்காதடா எருமை. மேலேருந்து பாத்தா நீ எனக்குத் தெரியணும்."

அதனால் ஹினெக், சால்ஸ்பர்க் நகரத்தின் பழைய சதுக்கத்தில், கொட்டுகிற மழையில், ஒரு சிவப்புக் குடையைத் தலைக்கு இரண்டு முழம் மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றான். அந்த உயரத்தில் பிடித்த குடை தன் கைப்பிடியை மட்டும்தான் நனையாமல் பார்த்துக்கொள்ளும், பிடித்தவனை அல்ல. ஆனால் வேறு வழியில்லை. இருவருடைய ரயில் டிக்கெட்டும் லுபோரின் போனில் இருந்தது. பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக அந்தப் போனை அவன் அணைத்து வைத்திருந்தான்.

லுபோர் எதையும் மிச்சம் பிடிப்பான். சொந்த ஊரான பிர்னோவில் ரயிலேறும்போதே ரொட்டிக்கு நடுவில் பன்றிக்கறி வறுவலை வைத்துக் காகிதத்தில் சுற்றி, பயணம் முழுவதற்கும் முதுகுப்பையில் அடுக்கிவிட்டான். செக் நாட்டுக்காரன் வெளிநாடு போனால் அந்த நாட்டுக்கு அதனால் எந்த லாபமும் வரக்கூடாது என்பது அவர்கள் குடும்பக் கொள்கை. காலையில் தங்கும் விடுதியில் இலவச உணவு முடிந்தபோது அவன் பாக்கெட்டில் மூன்று பன்கள் இருந்தன. வெளியே மழை என்று தெரிந்ததும் வாசலில் இருந்த வாளியிலிருந்து ஒரு குடையை உருவி ஹினெக்கின் கையில் திணித்தான். "எவனோ விட்டுட்டுப் போனதுடா. விடுதி வாளியில இருந்தா அது ஊருக்குப் பொது." பிறகு கோட்டைக்குக் கட்டணம் வாங்கி ஏற்றிப் போகிற இழுவை ரயிலை ஓர் அவமானத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, மலையில் நடந்தே ஏறிப் போனான்.

ஹினெக்குக்குக் கோட்டையும் வேண்டாம், கொத்தளமும் வேண்டாம். மதிய ரயில் வேண்டும். அந்த ரயில் லியூப்லியானாவுக்குப் போகிறது. அங்கே ஸாலா இருக்கிறாள். வருகிறேன் என்று சொல்லி இரண்டு முறை அவளை ஏமாற்றியாகிவிட்டது. முதல் முறை ரயிலைத் தவறவிட்டான். இரண்டாம் முறை லுபோர் மலிவாகப் பிடித்துக் கொடுத்த பேருந்து வேறொரு நாட்டுக்குப் போய்விட்டது. நேற்று ஸாலா போனில் சுருக்கமாகச் சொன்னாள்: "பிளாட்பாரத்துல நிப்பேன். நீ இறங்கலன்னா என் நம்பர அழிச்சிடு. நானும் அழிச்சிடுவேன்."

கை வலித்தது. மாற்றிப் பிடிப்பதற்காகத் திரும்பினான். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் நான்கு அடி தள்ளி நின்றான். அவர்களும் நான்கு அடி தள்ளி நின்றார்கள்.

"எப்ப தம்பி ஆரம்பிப்பீங்க?" என்றார் முன்னால் நின்ற அம்மாள். பிளாஸ்டிக் மழைக்கோட்டு, கையில் நோட்டு, காதில் பென்சில். பெயர் ஹென்ட்ரிகா, ஊர் ஹாலந்து, வேலை ஓய்வு பெற்ற ஆசிரியை என்பதையெல்லாம் அவன் கேட்காமலே சொன்னார்.

"எதை ஆரம்பிக்கணும்?"

"இலவசச் சுற்றுலாவத்தான். கைடு மாதிரி குடையத் தூக்கிப் பிடிச்சிருக்கீங்களே."

"அம்மா, நான் கைடு இல்ல."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "இலவசக் கைடுங்கள்லாம் முதல்ல ஒரு ஜோக்குதான் சொல்வாங்க," என்று ஹென்ட்ரிகா அம்மாள் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார்.

"சத்தியமா இல்லம்மா. நீங்க ஏன் என் பின்னால வந்தீங்க?"

"நாங்க எங்க வந்தோம்? அதோ அவர்தான் முதல்ல உங்க பின்னால வந்தாரு. விவரம் தெரிஞ்ச ஆள் மாதிரி இருந்துச்சு, நாங்களும் சேந்துக்கிட்டோம்."

அவர் காட்டிய இடத்தில் நெட்டையாக ஒருவர் நின்றார். வெள்ளைப் புருவம், சாம்பல் நிறச் சட்டை, கையில் ஒன்றுமில்லை. மழை அவர் மேல் ஒரு சிலை மேல் பெய்வது போலப் பெய்தது. ஹினெக் பார்த்ததும் வாயைத் திறந்தார். பிறகு நாலு பேர் பார்க்கிறார்களே என்பது போல மூடிக்கொண்டார்.

குடையை மடக்கினால் தொலைந்தது தொல்லை என்று ஹினெக்குக்குத் தோன்றியது. லுபோர் பார்க்காத ஒரு நிமிடத்தில் மடக்கிவிட்டு மறுபடி விரிக்கலாம். மெதுவாகக் குடையை இறக்கினான். உடனே அத்தனை பேரும் அவனை நெருக்கி வட்டமாகச் சூழ்ந்துகொண்டார்கள். குடை இறங்கினால் கைடு பேசப்போகிறார் என்று அர்த்தமாம்.

சரி, அலுத்துப் போக வைத்தால் கலைந்துவிடுவார்கள் என்று நினைத்தான். பக்கத்தில் இருந்ததைக் கை நீட்டிக் காட்டினான். "இது ஒரு சுவர்."

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள்.

"இதுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கு."

ஹென்ட்ரிகா அம்மாள் நோட்டில் எழுதிக்கொண்டார். "நேத்து வந்த கைடு ஒரு மணி நேரம் வருஷக் கணக்கா சொல்லி உயிர எடுத்தான். இந்தத் தம்பி பாருங்க, நேரா விஷயத்துக்கு வந்துட்டாரு."

யாரோ கை தட்டினார்கள். கைதட்டல் கேட்டு இன்னும் பத்துப் பேர் வந்து சேர்ந்தார்கள்.

ஹினெக் குடையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தான். கூட்டமும் வேகமாக நடந்தது. குதிரைகளைக் குளிப்பாட்டக் கட்டிய பழைய தொட்டியின் அருகே மூச்சு வாங்கி நின்றபோது, எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு அவன் வாயைப் பார்த்தார்கள். இனி அப்பட்டமாகப் புளுகுவது ஒன்றுதான் வழி. விவரம் தெரிந்தவன் ஒருவனாவது கோபித்துக்கொண்டு போவான், அவன் பின்னால் மற்றவர்களும் போவார்கள்.

"இது அந்தக் காலத்துல இந்த ஊர ஆண்ட பேராயர் நீச்சல் கத்துக்கிட்ட இடம்," என்றான். "குதிரைங்கதான் சொல்லிக் கொடுத்துச்சு. கடைசி வரைக்கும் அவருக்கு வரல. அந்த வெறுப்புலதான் மலை உச்சியில கோட்டை கட்டினாரு, தண்ணியே ஏறாத இடமாப் பாத்து."

"அப்பவே நெனச்சேன்," என்றார் ஒருவர் தன் மனைவியிடம். "நாந்தான் சொன்னேன்ல, இவ்ளோ உயரத்துல கட்டினா ஏதோ காரணம் இருக்கும்னு."

நெட்டை மனிதர் வாயைத் திறந்தார், மூடினார். பார்வை மட்டும் ஹினெக்கை விட்டு அகலவில்லை.

இதற்குள் தொட்டியின் மறுபக்கம் மஞ்சள் குடையோடு நின்ற இன்னொரு கூட்டத்திலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் ஒதுங்கத் தொடங்கினார்கள். மஞ்சள் குடைக்காரி விறுவிறுவென்று வந்தாள். கழுத்தில் புகைப்படம் ஒட்டிய அட்டை, அதில் வால்புர்கா என்று பெயர்.

"யாருய்யா நீ? உன் அட்டை எங்க?"

"என்ன அட்டை?"

"லைசென்ஸ் அட்டை! பரீட்சை எழுதி, பாஸ் பண்ணி, கழுத்துல மாட்டினாத்தான் இந்த ஊர்ல கைடு. ரெண்டு வருஷம் படிச்சேன்யா நானு. பேராயர் நீச்சலாம், குதிரையாம்!"

"அக்கா, நான் ஒரு நண்பனுக்காக நிக்கிறேன், அவ்வளவுதான்."

"இத இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லு. மழ நாள்லதான் சோதனைக்கு வருவாங்க. சாதாரண உடுப்புல இருப்பாங்க. வாயே தொறக்க மாட்டாங்க. முதல்லேருந்து கடைசி வரைக்கும் கூடவே நடந்து எல்லாத்தயும் கேட்டுட்டு, முடிஞ்ச பிறகுதான் வந்து கையப் பிடிப்பாங்க. அப்புறம் ஆபீஸ், விசாரணை, கையெழுத்து... பொழுது போயிடும் உனக்கு."

ஹினெக்கின் தலை தானாகத் திரும்பியது. நெட்டை மனிதர் சொட்டச் சொட்ட நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ஆளாக வந்தவர். வாயே திறக்காதவர். மழையில் இப்படி நனைவதற்கு அரசாங்கச் சம்பளம் இல்லாமல் எவன் சம்மதிப்பான்?

முடிந்த பிறகுதான் கையைப் பிடிப்பார்களாம். அப்படியென்றால் முடிக்காமலே இருக்க வேண்டும், ரயில் வருகிற வரைக்கும்.

அதன் பிறகு ஹினெக் வாயை மூடவே இல்லை. நதியைக் கடக்கும் நடைபாலத்தில் காதலர்கள் பூட்டிவிட்டுப் போன பூட்டுகளைக் காட்டி, அவையெல்லாம் இந்த ஊர்ப் பூட்டு வியாபாரிகள் சங்கம் மழைக்காலத்தில் சரக்கு வைக்கிற கிடங்கு என்றான். பாலத்தில் எதிரே வந்தவர்களும் திரும்பி இவனோடு நடந்தார்கள். அரண்மனைத் தோட்டத்தில் வரிசையாக நிற்கும் குள்ளர் சிலைகளைக் காட்டி, "இவங்க எல்லாம் வரி வசூலிக்கிறவங்க. பேராயருக்குக் குனிஞ்சு குனிஞ்சே இந்த அளவுக்கு வந்துட்டாங்க," என்றான். ஹென்ட்ரிகா அம்மாள் நோட்டில் பக்கம் புரட்டினார். நெட்டை மனிதர் ஒரு சிலையின் பக்கத்தில் நின்றபோது எது சிலை என்று சட்டெனத் தெரியவில்லை.

"டேய் எருமை!"

லுபோர். முழங்கால் வரை சேறு, வாயில் பன். "மலையிலேருந்து பாத்தா செவப்புக் குடை ஊர்வலம் போவுது! யாருடா இவ்ளோ பேரு?"

"என் பின்னாலயே வர்றாங்கடா. டிக்கெட் போன எடு. ஸ்டேஷனுக்கு ஓடணும். அதோ நிக்கிறாரு பாரு, அவர் இன்ஸ்பெக்டர்."

ஆனால் லுபோரின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. அவன் கண்கள் கூட்டத்தின் தலைகளை மெதுவாகத் தடவிக்கொண்டு போயின. "இலவசச் சுற்றுலாவா?" என்றான் பக்தியோடு. இலவசச் சுற்றுலாக்களின் முடிவில் எல்லாரும் மனமுவந்து ஏதாவது போடுவது வழக்கம். அவன் தொப்பியைக் கழற்றினான்.

"டேய், வேணாம்டா! காசு வாங்கினா சும்மா நடந்தேன்னு கூடச் சொல்ல முடியாதுடா!"

"நீ பேசு மச்சி. நிர்வாகத்த நான் பாத்துக்கறேன்."

தொப்பி கூட்டத்துக்குள் நீந்திப் போனது. நாணயங்கள் விழுந்தன. கடைசியில் நெட்டை மனிதர் முன்னால் போய் நின்றது. அவர் தொப்பியைப் பார்த்தார். லுபோரைப் பார்த்தார். ஹினெக்கை ஆழமாகப் பார்த்தார். பிறகு, மிகுந்த யோசனைக்குப் பின், ஒரு நாணயத்தைப் போட்டார்.

"ஆதாரத்துக்குப் போடுறாருடா," என்று ஹினெக் அலறிவிட்டு ஓடத் தொடங்கினான்.

குடையை இறக்கக்கூடாது என்பது அவனுக்கு இப்போது பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. தூக்கிப் பிடித்தபடியே ஓடினான். லுபோர் தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான். "இதுவும் சுற்றுலாவுல சேத்திதான் போல," என்று சொல்லிக்கொண்டு ஹென்ட்ரிகா அம்மாள் மழைக்கோட்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். அவர் பின்னால் இருபது முப்பது பேர். எல்லாருக்கும் பக்கவாட்டில், நீளமான கால்களை அவசரமில்லாமல் எட்டி எட்டி வைத்துக்கொண்டு, அந்த நெட்டை மனிதர்.

ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது ரயில் நின்றுகொண்டிருந்தது. இருவரும் கதவுக்குள் பாய்ந்தார்கள். பிளாட்பாரத்தில் கூட்டம் மூச்சிரைக்க நின்று கை தட்டியது.

"அருமையான முடிவு தம்பி!" என்று கத்தினார் ஹென்ட்ரிகா அம்மாள். "நேத்து வந்தவன் வெறுமனே நன்றின்னுட்டுப் போயிட்டான்!"

கதவு மூடியது. வண்டி நகர்ந்தது. ஹென்ட்ரிகா அம்மாளின் நோட்டு சன்னலுக்கு வெளியே ஆடி ஆடிச் சிறுத்து மறைந்தது.

ஹினெக் இருக்கையில் சரிந்தான். குடையை ஒருவழியாக மடக்கி மடியில் வைத்துக்கொண்டான். ஸாலாவுக்குச் செய்தி அனுப்பினான்: ஏறிவிட்டேன். ஒரு நிமிடம் கழித்துப் பதில் வந்தது: இறங்கினதும் சொல். அதில் கோபம் இருந்தது, ஆனால் அவன் நம்பரை அவள் இன்னும் அழிக்கவில்லை.

"பாத்தியா," என்றான் லுபோர், காகிதத்தைப் பிரித்து ஒரு பன்றிக்கறி ரொட்டியை நீட்டி. "எல்லாத்தயும் ஓசியிலயே முடிச்சு, மேல வருமானமும் வந்து, ரயிலயும் பிடிச்சாச்சு. நீ தேவையில்லாம பயப்படுற ஆளுடா. எந்த இன்ஸ்பெக்டர் ரயில் வரைக்கும்..."

அவன் வாய் திறந்தபடி நின்றது. ரொட்டியும் பாதி வழியில் நின்றது.

பெட்டிக் கதவு திறந்திருந்தது. அங்கே நெட்டை மனிதர் நின்றார். சட்டையிலிருந்து நீர் சொட்டிக் காலடியில் சின்னக் குளம் கட்டியது. ஒவ்வோர் இருக்கையாகக் கடந்து வந்து, ஹினெக்கின் முன்னால் நின்று, தொண்டையைச் செருமினார்.

லுபோர் தொப்பியை அப்படியே நீட்டினான். "ஐயா, இதெல்லாம் அவன்தான். நான் மலையில இருந்தேன்."

ஹினெக் எழுந்தான். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினான். "ஐயா, எந்த ஆபீஸுக்கு வேணா வர்றேன். எங்க வேணா கையெழுத்துப் போடுறேன். லியூப்லியானாவுல ஒருத்திய மட்டும் பாத்துட்டு வந்துடுறேன். ஒரே ஒரு தடவை. அவ பிளாட்பாரத்துல நிப்பா."

நெட்டை மனிதர் தொப்பியை மெதுவாக ஒதுக்கினார். நீட்டிய கைகளைப் புரியாமல் பார்த்தார். முகம் காது வரை சிவந்தது. அந்த நாளில் முதல் முறையாக அவர் பேசினார்.

"மன்னிச்சுக்குங்க, எங்க பின்லாந்துல ஒருத்தர் பேசிக்கிட்டிருக்கும்போது குறுக்க பேசிப் பழக்கமில்ல, அதான் விடுதியிலேருந்து நீங்க முடிக்கட்டும்னு பின்னாலயே வந்தேன்... அந்தக் குடை என்னோடதுங்க."