சாய்வு நாற்காலியும் ஒரு செல்லாத ஓட்டும்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே என் சாய்வு நாற்காலியைத் தவிர அனைவரும் சௌக்கியம். உங்கள் முழங்காலும் அக்காவின் முதுகும் எப்படி இருக்கின்றன என்று எழுதவும். நிற்க. உட்கார இங்கே வழியில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முப்பது வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் பார்த்தவன் நான். எந்த வீட்டில் எந்த ஆட்சி என்பது வாசலிலேயே தெரிந்துவிடும். கதவைத் திறந்தவர் "இருங்க, ஐயாவைக் கேட்டுட்டு வரேன்" என்று உள்ளே ஓடினால் மன்னராட்சி. முதலில் நாய் வந்தால் ராணுவ ஆட்சி. மாமியார் "வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் மருமகள் "அப்புறம் வாங்க" என்றால் கூட்டணி. மீட்டர் எங்கே என்று கேட்டதற்கு நாலு பேர் நாலு திசையைக் காட்டி, கடைசியில் நானே தேடிக் கண்டுபிடித்தால் அது ஜனநாயகம். இவ்வளவும் தெரிந்த நான் சொந்த வீட்டில் ஏமாந்துவிட்டேன்.

நம் வீட்டில் கல்யாணமான நாள் முதல் மன்னராட்சிதான். ராணி யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வளர்த்ததே நீங்கள்தானே. போன வாரம் என் மகன் தொப்பையைக் குறைக்க ஒரு ஓட்ட இயந்திரம் வாங்கப்போவதாகச் சொன்னான். நின்ற இடத்திலேயே ஓடுவதற்கு இயந்திரமாம், தெரு என்ன தேய்ந்தா போகும்? அதைக் கூடத்தில் ஜன்னலோரம்தான் வைக்க வேண்டுமாம். அங்கேதான் என் நாற்காலி இருக்கிறது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த உங்கள் தங்கை, "நாற்காலி மொட்டை மாடிக்குப் போகட்டும்" என்று ஆணையிட்டாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் மிஞ்சிய இடம் அது ஒன்றுதான், மச்சான். அதுவும் போனால் என்னைக் குடை மாதிரி மூலையில் சாத்திவைக்க வேண்டியதுதான். "இது அநியாயம்! ஓட்டெடுப்பு வைக்கணும்!" என்று கத்தினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

"அவ்வளவுதானே, வெச்சிடலாம்" என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பேத்திக்கு ஓட்டுக் கிடையாது, ஆறு வயதுதான் என்று மகன் தடுத்தான். "நாற்காலியில என் மடியில உக்கார்றவளுக்கு உரிமை இல்லையா?" என்று தொண்டை வற்ற வாதாடி அவளுக்கு வாக்குரிமை வாங்கிக் கொடுத்தேன். மருமகளோ தங்கமான பெண், "மாமா, அந்த மெஷின்ல ரெண்டு நாள் கழிச்சு ஈரத்துணிதான் காயும், நான் உங்க பக்கம்" என்று காதோடு சொன்னாள். ஆக மூன்றுக்கு இரண்டு என்று மனக்கணக்குப் போட்டுவிட்டேன். உங்கள் தங்கை தன்னைத்தானே தேர்தல் அதிகாரியாக நியமித்துக்கொண்டு, ஓட்டுச் சமமானால் முடிவு அதிகாரி கையில் என்று ஒரு விதியும் சேர்த்தாள். ஐந்து ஓட்டு எப்படிச் சமமாகும் என்று நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

பிஸ்கட் டப்பாவில் போட்ட சீட்டுகளை எண்ணினோம். மகன், போகட்டும். மருமகள், இருக்கட்டும். பேத்தியின் சீட்டில் இயந்திரத்தின் மேல் ஒரு பொம்மை ஓடிக்கொண்டிருந்தது, ஆக, போகட்டும். வாக்குரிமை வாங்கிக் கொடுத்த தாத்தாவுக்கு இதுதான் கைம்மாறு! நான்காவது சீட்டை வாங்கி இரண்டு தரம் படித்தேன். உங்கள் தங்கையின் முத்தான எழுத்தில் "இருக்கட்டும்". கண் கலங்கிவிட்டது, மச்சான், பொய் சொல்லவில்லை. ஐந்தாவது என்னுடையது, இனி என்ன, வெற்றிதானே என்று துண்டை உதறித் தோளில் போட்டேன். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இது செல்லாது, கையெழுத்துப் போட்டிருக்கு" என்றாள். மீட்டர் அட்டையில் எழுதி எழுதி, எந்தத் தாளைக் கொடுத்தாலும் அடியில் தேதி போட்டுக் கையெழுத்து வைக்காமல் என் கை ஓயாது. ரகசிய வாக்கெடுப்பில் கையெழுத்து வைத்த மகானுபாவன் நான்.

இரண்டுக்கு இரண்டு. "போகட்டும்" என்றாள் அதிகாரி.

"ஏம்மா, நீயே எனக்கு ஓட்டுப் போட்டுட்டு நீயே தள்ளுறியே?"

"ஓட்டுப் போட்டது பொண்டாட்டி. முடிவு சொன்னது அதிகாரி. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. நீங்க கேட்ட ஜனநாயகம்தான் இது."

மகன் கைதட்டினான். சிறுபான்மையோர் உரிமை என்று நான் எழுப்பிய குரல், நாற்காலியைப் படியில் இழுத்த சத்தத்தில் அமுங்கிப்போனது. மன்னராட்சியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் ராணி மனமிரங்க வழியுண்டு. இப்போது யாரிடம் போய் அழுவது, கேட்டு வாங்கியவனே நான்தானே? உங்கள் தங்கை எதிர்த்துப் பேசாத ஒரே ஆள் இந்த உலகத்தில் நீங்கள்தான். ஆகவே உடனே புறப்பட்டு வந்து, ஒரு அதட்டல் போட்டு, என்னையும் என் நாற்காலியையும் ஜன்னலோரத்தில் மறுபடி குடியேற்றக் கோருகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எந்த ஆட்சியில் இருந்தாலும் உட்கார இடத்தோடு நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
நின்றுகொண்டே எழுதும்
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் நாற்காலியை ஒரு நடை பார்த்துவரலாம் என்று மாடி ஏறினேன். அருமையான காற்று. மகன் இல்லை, இயந்திரம் இல்லை, தொலைக்காட்சி இல்லை. என் நாற்காலியில் உங்கள் தங்கை காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். "எழுந்திரு, அது என்னோடது" என்றேன். கண்ணைத் திறக்காமலே, "ஓட்டுக்கு விடலாமா?" என்றாள். விட்டோம். ஆளுக்கு ஒரு ஓட்டு, மாடிக்கு அதிகாரி என்று யாரும் கிடையாது, எனவே மாறி மாறி உட்காருவதென்று உடன்படிக்கை ஆகியிருக்கிறது. மேலே கண்ட எதையும் மனதில் கொள்ளாமல், தயவுசெய்து வராதீர்கள். வந்தால் மூன்றாவது ஓட்டு உங்களுடையது. அது யாருக்கு விழும் என்று எனக்குத் தெரியாதா, மச்சான்?