பாறூக் நானாவின் ஒல்லிக் கப்பல்

அழகமுத்து அகலமான கப்பலை வாங்கச் சொன்ன பிறகுதான் பாறூக் நானாவுக்கு ஒல்லியான கப்பல் மேல் ஆசை வந்தது.

“மொத கப்பல்தானே நானா,” என்று அழகமுத்து போனில் சொல்லியிருந்தார். “குட்டையா, அகலமா ஒண்ணு எடுங்க. மெதுவாத்தான் போகும். ஆனா லேசுல கவுறாது. ஒல்லியா நீளமா இருக்கிறதப் பாத்து மயங்கிறாதீங்க.”

“சரி, சரி,” என்று போனை வைத்த பாறூக் நானா, மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். “கேட்டியா றம்லா? ஒல்லிக் கப்பல்னா மனுசனுக்குப் பயம்.”

“பயந்த மாதிரி விளங்கல்லியே. நல்லதுக்குச் சொன்ன மாதிரித்தான் விளங்குது.”

“நாளைக்கு என்னோட சண்டை புடிக்கப் போறவன் எனக்கு எதுக்கு நல்லது சொல்றான்?”

இதற்குப் பதில் சொல்லிப் பயனில்லை என்பது முப்பது வருடப் பழக்கத்தில் றம்லாவுக்குத் தெரியும்.

பாறூக் நானாவையும் குற்றம் சொல்ல முடியாது. அவர் மாத்தளை டவுனில் மிளகும் ஏலமும் வாங்கி விற்றவர். உங்கள் மிளகு காயவில்லை என்று ஒருவன் உதட்டைப் பிதுக்கினால், அவன் அதை வாங்க வந்திருக்கிறான். பிரமாதம் என்று ஒருவன் சொன்னால், அவனிடம் அதைவிட நல்ல மிளகு இருக்கிறது. கடைக்கு இந்தக் கல்வி போதும். ஆனால் கடையை மருமகன் அன்ஸாபிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, அதை அங்கேயே விட்டுவிட்டு வர அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டில் ஏழு மாதம் பேப்பர் படித்தார். முன்பின் தெரியாதவர்களின் மரண அறிவித்தல்களைக்கூட விடாமல் படித்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்புள்ளையில் ஒரு கலியாணத்துக்குப் போய்த் திரும்புகையில், நாலந்தாவுக்குப் பக்கத்துக் குளத்தில் ஏழெட்டுப் பேர் ரிமோட்டும் கையுமாக நிற்பதைக் கண்டார். தண்ணீரில் முழங்கை நீளப் போர்க்கப்பல்கள் ஓடின. ஒன்றையொன்று சின்ன இரும்புக் குண்டுகளால் நிஜமாகவே சுட்டன. மெல்லிய பலகையில் ஓட்டை விழுந்து ஒரு கப்பல் மூழ்கியது. கப்பலுக்கு உரியவர் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கி, அதை எடுத்து வந்து, சிரித்துக்கொண்டே தண்ணீரைக் கொட்டினார். அவர்தான் எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற அழகமுத்து. பாறூக் நானா அன்றைக்கே சங்கத்தில் சேர்ந்துவிட்டார்.

கப்பல் செய்ய மேசை வேண்டுமே. றம்லா தன் தையல் மேசையைக் கொடுத்தாள். சும்மா கொடுக்கவில்லை.

“மொத சண்டையில கப்பல் மூழ்கினா மேசை திரும்பவும் எனக்கு. கப்பல் கதையும் அதோட முடிஞ்சிது. சரியா?”

“சரி,” என்றார் பாறூக் நானா. அந்தக் கணம் முதல், அந்தக் கப்பல் மூழ்கக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு கவலை இருக்கவில்லை.

ஒல்லிக் கப்பலின் பாகங்கள் அடங்கிய பெட்டி வந்தது. ஆறு வாரம் ஒட்டினார், தேய்த்தார், சாம்பல் நிறம் பூசினார். கடையை விட்ட பிறகு அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. மரண அறிவித்தல்கள் படிப்பாரற்றுக் கிடந்தன.

வெள்ளோட்டம் வீட்டுக்குப் பின்னாலிருந்த சீமெந்துத் தொட்டியில் நடந்தது. கப்பல் இரண்டு நொடி கம்பீரமாக நின்றது. பிறகு மெல்லச் சரிந்து, பக்கவாட்டில் படுத்துக்கொண்டது.

மனசைக் கல்லாக்கிக்கொண்டு அழகமுத்துவுக்குப் போன் போட்டார்.

“ஒல்லியாவா எடுத்தீங்க?” என்றார் அழகமுத்து. “பரவாயில்ல நானா. அடியில ஈயக் கட்டி வைங்க. பாரம் கீழ இருந்தா நிமிந்துரும்.”

“கேட்டியா?” என்றார் பாறூக் நானா றம்லாவிடம். “மெதக்க வேண்டிய கப்பலுக்குப் பாரம் ஏத்தச் சொல்றான்.”

நிச்சயப்படுத்திக்கொள்ள, சங்கத்தில் இன்னொருவரான வினோஜனிடம் கேட்டார். வினோஜன் போன் திருத்துகிற கடை வைத்திருப்பவர். அவரும் ஈயக் கட்டி என்றார். ஒருவர் சொன்னால் சந்தேகம். இரண்டு பேர் ஒரே மாதிரிச் சொன்னால் அது சதி இல்லாமல் வேறென்ன?

பாறூக் நானா தன் மூளையையே நம்பினார். பழைய டீவி வந்த பெட்டியில் இருந்த, தக்கை போன்ற வெள்ளை ரெஜிபோமை வெட்டி, கப்பலின் இரண்டு பக்கமும் ஒட்டினார். கப்பல் நிமிர்ந்தது. ஆனால் ஓட்டம் போய்விட்டது. இரண்டு கையிலும் மூட்டை தூக்கியவர் சந்தைக்குள் நடப்பது போல நகர்ந்தது. இப்போது அது அகலமாகவும் மெதுவாகவும் இருந்ததை றம்லா கவனித்தாள். அழகமுத்து ஆரம்பத்திலேயே சொன்ன கப்பல் இதுதானே என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்ததாக, இரகசியம் வெளியே போய்விடக் கூடாதே என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினார். அரை மணித்தியாலத்தில் சங்கச் செயலாளர் பிரவீனா போன் போட்டாள். கணக்கு டீச்சர், நடுவரும் அவளே.

“நானா, குழுவுல இருந்து போயிட்டீங்களே, ஏதும் கோவமா? ஞாயித்துக்கெழம வெவரமெல்லாம் அதுலதான் போடுறோம்.”

“கோவம் ஒண்ணுமில்ல மகள். எத்தன மணிக்கு வரணும்? அத மட்டும் சொல்லுங்க.”

“ஒம்பதுக்கு. இன்னொரு விசயம் நானா, உங்கள வந்து…”

“மத்ததெல்லாம் நேர்ல பாப்போம்,” என்று போனை வைத்துவிட்டார். பெண் நல்ல பெண்தான், ஆனால் யார் பேசச் சொல்லிக் கொடுத்தார்களோ.

ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே ஒன்பதரைக்குப் போனார். மற்றக் கப்பல்கள் ஏற்கெனவே தண்ணீரில் நின்றன. யாரும் கிட்ட வந்து பார்க்குமுன் கப்பலை இறக்கிவிட்டு, எல்லோரையும் விட்டுத் தள்ளி, ஒரு மருத மரத்தடியில் தனியாக நின்றுகொண்டார். பிரவீனா தூரத்திலிருந்து ரெஜிபோமைப் பார்த்தாள். “மொத நாள்தானே, இருக்கட்டும்,” என்று விசில் ஊதினாள்.

ஊதியதுதான் தாமதம், அழகமுத்துவின் அகலக் கப்பல் நேராகப் பாறூக் நானாவின் கப்பலை நோக்கி வந்தது.

“பாத்தியா, வந்துட்டான்,” என்று பாறூக் நானா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவர் இடப்பக்கம் திருப்பினால் அதுவும் இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம். வினோஜனின் கப்பல் சுட்டது. குண்டுகள் அழகமுத்துவின் கப்பலில் பட்டன. இன்னொரு கப்பலும் சுட்டது. அதுவும் அழகமுத்துவின் கப்பலிலேயே பட்டது. ஊரே அந்த மனுசனை வெறுக்கிறது என்று பாறூக் நானாவுக்குத் திருப்தியாக இருந்தது.

“நானா, எனக்குப் பின்னாலயே வாங்க,” என்று அழகமுத்து கரையிலிருந்து கூப்பிட்டார்.

பின்னால் போவதா? அந்தக் கப்பலின் பின்பக்கம் இரண்டு பீரங்கிகள் இருப்பது பாறூக் நானாவுக்குத் தெரியாதா? அவர் தன் கப்பலை அதன் பக்கத்தில் ஒட்டி நிறுத்தினார். ஓரடி தூரம்தான் இருந்தது. பிஸ்மி சொல்லிப் பொத்தானை அமுக்கினார். இருந்த குண்டு அத்தனையும் தீரும்வரை விரலை எடுக்கவில்லை.

அழகமுத்துவின் கப்பலுக்குள்ளிருந்த பம்ப் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்த்தது. பிறகு கப்பல் ஒரு பக்கம் தாழ்ந்து, குமிழி விட்டு, அடங்கிப்போனது.

கரையில் ஒரு சத்தமும் இல்லை. தன் திறமையில் எல்லோரும் வாயடைத்துப் போனார்கள் என்று பாறூக் நானா எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் தங்கள் கப்பல்களை நிறுத்திவிட்டிருந்தார்கள். அவர் போனை எடுத்தார்.

“றம்லா, என்ட கப்பல் மெதக்குது. கிளாக்கர் உள்ள போயிட்டாரு. மேசை எனக்குத்தான்.”

“மாஷா அல்லாஹ்,” என்றாள் றம்லா, நம்பாமல்.

அழகமுத்து காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கி, கப்பலை எடுத்துத் தண்ணீரைக் கொட்டினார். ஓட்டைகளை எண்ணிப் பார்த்தார். பிறகு பாறூக் நானா பக்கம் திரும்பி, “நல்ல குறி நானா,” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் பாறூக் நானாவின் மனம் இளகிவிட்டது. தோற்ற மனுசன் இப்படிச் சிரித்தால் யாருக்குத்தான் இளகாது? எதிரியாக இருந்தாலும் பெரிய மனசு. பிளாஸ்க்கிலிருந்து ஒரு கோப்பை பிளேன்டீ ஊற்றி எடுத்துக்கொண்டு, முதல் தடவையாக மற்றவர்கள் நின்ற பக்கம் நடந்தார். வழியில் பிரவீனா கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள்.

“எழுதுங்க மகள்,” என்றார் பெருமையாக. “எதிரிக் கப்பல் ஒண்ணு, பாறூக்.”

பிரவீனா பேனையை மூடினாள்.

“நானா, நம்ம சண்டை ரெண்டு கட்சியா நடக்குது, புது ஆளுக்குக் காவலா நான் போறேன்னு அழகமுத்து ஐயா அவராவே கேட்டு உங்க கட்சிக்கு வந்தாரு.”