மூன்றாம் வரிசை இருமல்

இனிமேல் நடன அரங்கில் தன் பக்கத்து இருக்கையில் மனைவி உட்காரவே கூடாது. நம்ம கண்ணாடிக்காரர் அன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது எடுத்த முடிவு இது. வாயில் நுரை இருந்ததால் அதை உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்து முடிப்பதற்குள் தைரியத்தில் பாதி தண்ணீரோடு போய்விட்டது. மீதிப் பாதியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வாரத்தில் ஆறு நாள் ஊரார் கண் முன்னால் எழுத்துப் பலகையை மாட்டி, "கீழ் வரி தெரியுதா? இப்போ தெரியுதா?" என்று கேட்டே காலம் தள்ளுகிறவர். ஏழாவது நாள் ஆளே வேறு. கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கழுத்தில் சத்தம் போடாத கேமரா. பாலே என்றால் அவருக்கு உயிர். நவீன நடனம் என்றால் அதைவிட உயிர். ஒரு மனிதப் பிறவி தரையை விட்டு எழும்பி, ஒரு கணம் காற்றில் அப்படியே நிற்கிறதே, அந்தக் கணத்தை ஒரே ஒரு தடவை படமாகப் பிடித்துவிட வேண்டும். எட்டு வருஷமாக இதே வேலை. அவர் விரல் அழுத்துவதற்குள் ஆடுகிறவர் இறங்கி, மூச்சு வாங்கி, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

மற்றவர்களெல்லாம் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிமிஷத்துக்கு நூறு படம் எடுத்துத் தள்ளுகிறார்கள், நீங்களும் அப்படிச் செய்தால் என்ன என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மனிதருக்கு மூக்கு சிவந்துவிடும். அது வேட்டை, கலை இல்லை என்பார். கலைஞன் ஒரு தடவைதான் அழுத்துவானாம். உண்மைதான், ஒரு தடவைதான் அழுத்தினார். அந்த ஒரு தடவையும் தாமதமாக அழுத்தினார்.

அவர் மனைவி நீச்சல் டீச்சர். நாள் முழுக்கக் குளக்கரையில் விசிலோடு நின்று, பயந்த பிள்ளைகளையும் பயப்படாத அவர்களுடைய அப்பாக்களையும் தண்ணீருக்குள் தள்ளுகிறவர். கணவர் எடுத்த படங்களை ஒருநாள் பொறுமையாகக் கடைசி வரை பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏங்க, எல்லாரும் ஏன் பஸ்ஸைத் தவற விட்டவங்க மாதிரி நிக்கிறாங்க?"

அதற்கே இரண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றிருந்தது. போன மாதம் நடந்தது அதையும் தூக்கிச் சாப்பிட்டது. மத்தியான ஆட்டம். கடைசி வரிசையில் படம் எடுக்க அனுமதி வாங்கியிருந்தார். பக்கத்தில் டீச்சர். மேடையில் யாராவது குதிப்பதற்கு ஒரு நொடி முன்னால், விலாவில் முழங்கையால் ஒரு இடி, காதில் "இப்போ" என்று ஒரு குரல். ஒரு தடவை இல்லை, முப்பத்தேழு தடவை. முன்வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்ததும் அவர் குதியோ குதி என்று குதித்தார். டீச்சர் அசரவில்லை. குதிக்கப் போகிறவர்கள் முதலில் மூச்சை இழுப்பார்களாம், தோள் ஒரு நூல் மேலே ஏறுமாம், குளத்தில் நாள் முழுக்கத் தான் பார்ப்பது அதைத்தானாம். எழும்பினதைக் கண்ணால் பார்த்துவிட்டு அழுத்தினால் இறங்கினதுதான் கிடைக்கும் என்றார்.

சரியாகத்தான் சொன்னார். அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது. கலைஞனுக்கு யாரும் மணியடிக்கக் கூடாது என்பது நம்மவர் கட்சி. டீச்சர் "இப்போ" என்று சொன்ன முப்பத்தேழு தடவையும் வேண்டுமென்றே பொறுத்திருந்து, அந்தச் சொல் காற்றில் கரைந்த பிறகுதான் அழுத்தியிருந்தார்.

இந்த நிலைமையில்தான், பல் தேய்த்த அந்தக் காலைக்கு முந்தின நாள், நடன அரங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. புதிய நிகழ்ச்சியின் கடைசி ஒத்திகை, முழு உடையில், முழு விளக்கில். தொழில்முறை இல்லாத மூன்று புகைப்படக்காரர்களை மட்டும் உள்ளே விடுவார்களாம். அதில் யாருடைய படம் தேர்வாகிறதோ அது அரங்க வாசலில் ஓர் ஆள் உயரப் பலகையில் ஏறும், கீழே பெயரும் இருக்கும். அது மட்டுமா, வருஷம் முழுக்க எல்லா ஒத்திகைக்கும் அவர்தான் புகைப்படக்காரர். கடிதத்தோடு கழுத்தில் மாட்டிக்கொள்ள இரண்டு அட்டைகள். ஒன்றில் "புகைப்படக்காரர்" என்று போட்டிருந்தது. இன்னொன்றில் "துணைக்கு வருபவர்".

நம்மவர் முதல் அட்டையை மூன்று தடவை படித்தார். இரண்டாவது அட்டையை ஒரே தடவை படித்துவிட்டு, வீட்டில் குவிந்து கிடந்த பழைய கண்ணாடிக் கூடுகளில் ஒரு சிவப்புக் கூட்டைத் திறந்து, உள்ளே வைத்து மூடினார். முப்பது கூடு இருக்கிற வீட்டில் யார் தேடப் போகிறார்கள்?

மறுநாள் காலை, பல் தேய்த்துவிட்டு அவர் போனபோது சமையலறையில் டீச்சர் காபி கலந்துகொண்டிருந்தார்.

"ஒத்திகைக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"அட, நல்ல சேதிதான். என்னிக்குப் போறோம்?"

"போறோம் இல்ல. போறேன். ஒரு ஆளுக்குத்தான் அனுமதி."

"ஒரு ஆளுக்கா?"

"ஒரே ஆளுக்கு. ரொம்பக் கண்டிப்பு."

டீச்சர் காபியை ஆற்றினார். தேவைக்கு மேலேயே ஆற்றினார். அதைத் தாங்க முடியாமல் நம்மவர் வாயை விட்டார். தனியாகப் போய், தனியாக எடுத்து, வாசலில் தன் படத்தை ஏற்றிக் காட்டுகிறேன் என்றார். அப்படி ஏறினால் இனிமேல் தன் படங்களைப் பற்றி டீச்சர் வாயையே திறக்கக் கூடாது. ஏறாவிட்டால், கேமரா சாமான்கள் அடைத்துக் கிடக்கிற சின்ன அறையைக் காலி செய்து டீச்சருக்கே கொடுத்துவிடுவதாகவும் சொல்லிவிட்டார். அந்த அறைக்காக டீச்சர் ஆறு வருஷமாகப் படுக்கை ஓரத்தில் கைகால் நீட்டிப் பயிற்சி செய்து, கட்டில் காலில் இடித்துக்கொள்கிறார்.

"சரிங்க. வாயைத் திறக்க மாட்டேன்," என்றார் டீச்சர். "எனக்கும் அன்னிக்கு மத்தியானம் வேலை இருக்கு."

இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று நம்மவர் அன்றைக்கு இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஒத்திகை நாள் வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் முதல் வரிசை நடுவில் உட்கார்ந்திருந்தார். வாசல் பொறுப்பிலிருந்த அம்மா, இருட்டில் வெளிச்சம் அடிக்கக் கூடாது என்று மூன்று பேருடைய கேமராத் திரைகளின் மேலும் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டார். எடுத்த படத்தை வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க முடியும். விளக்குகள் அணைந்தன. யாரோ கடைசி நேரத்தில் பின்னால் வந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது. நம்மவர் திரும்பவில்லை. திரை விலகிவிட்டது.

அடடா, என்ன வெளிச்சம், என்ன ஆட்டம். முதல் பாதி பாலே. நீல உடைக்காரி ஒருத்தி மேடையின் மூலையிலிருந்து ஓடி வந்தாள். ஓடுகிறாளா, மிதக்கிறாளா என்று தெரியவில்லை. கால் நுனியில் நின்று சுற்றினாள், சுற்றினாள், நிற்கவே இல்லை. நம்மவருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இதோ வரப் போகிறது அந்தத் தாவல், எழும்பட்டும், எழும்பினதும் பிடித்துவிடலாம் என்று விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"க்கும்."

பின்னால், மூன்றாம் வரிசைப் பக்கமிருந்து ஒரு இருமல். இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. விரல் தானாக அழுத்திவிட்டது. போச்சு, ஒரு படம் பாழ். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி குறி பார்த்தார். நெட்டையான ஆட்டக்காரர் ஒருவர் மேடையைக் குறுக்கே கடந்து வந்தார். மறுபடியும் "க்கும்". மறுபடியும் விரல் அழுத்தியது. முதல் பாதி முழுக்க இதே கதை. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பாவி, சரியாக இவர் காத்திருக்கும்போதெல்லாம் இருமினால் இவர் என்னதான் செய்வார்? எட்டு வருஷத் தவத்தை ஒரு தொண்டை கெடுத்துக்கொண்டிருந்தது.

இடைவேளை விட்டதும் அந்த வரிசையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக வாசல் அம்மாவிடம் போனார். மூன்றாம் வரிசையில் யாரோ காசநோய்க்காரர் வந்திருக்கிறார், ஒன்று அவரை வைத்தியரிடம் அனுப்புங்கள், இல்லை என்னை அனுப்புங்கள் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். தான் பேசிப் பார்ப்பதாக அந்த அம்மா ஒத்துக்கொண்டார்.

பேசியிருக்க வேண்டும். இரண்டாம் பாதியில் சத்தமே இல்லை. நவீன நடனம். ஆட்டக்காரர்கள் செருப்பில்லாமல் வந்து, விழுந்தார்கள், உருண்டார்கள், ஒருவர் தோள்மேல் இன்னொருவர் தாவினார்கள். நம்மவர் ஆனந்தமாக, நிதானமாக, ஒவ்வொரு தாவலையும் கண்ணாரப் பார்த்துவிட்டு ஒவ்வொரு தடவை அழுத்தினார். இன்றைக்கு ஒன்றாவது சிக்கியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சின்ன அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டாம் பாதியில் ஒரே தரை. தரையில் இறங்கிய கால், தரையில் கிடந்த துண்டு, படத்தை விட்டு வெளியே போகிற ஒரு முதுகு. நவீன நடனமே படத்துக்கு ஒத்து வராது போலிருக்கிறது என்று முடிவு கட்டினார். பிறகு முதல் பாதியைத் திறந்தார்.

திறந்தவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

நீல உடைக்காரி காற்றில் நின்றாள். இரண்டு காலும் ஒரே கோடாக, கைவிரல் நுனி வரை உயிரோடு, கீழே அவள் நிழல் மட்டும் தனியாக. அடுத்த படத்தில் நெட்டைக்காரர், மனுஷன் மேடைத் திரையின் பாதி உயரத்தில். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. எப்படி எடுத்தேன், எப்போது எடுத்தேன் என்று அவருக்கே தெரியவில்லை. மேதைகளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டார். நீல உடைக்காரி படத்தை அனுப்பினார். எட்டே நாளில் பதில் வந்தது. தேர்வானது அவர் படம்தான்.

அதற்குப் பிறகு நம்மவர் கால் தரையில் பாவவில்லை. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் எழுத்துப் பலகைக்குப் பதில் அந்தப் படத்தைக் காட்டினார். வீட்டில் டீச்சரிடம் ஒத்திகைக் கதையை நான்கு தடவை சொன்னார். நான்கு தடவையும் அந்த இருமல்காரர் வந்தார், ஒவ்வொரு தடவையும் வியாதி முற்றியது.

"அவ்வளவு இடைஞ்சலா?" என்று கேட்டார் டீச்சர்.

"இடைஞ்சலா? அந்த ஆள் மட்டும் இல்லேன்னா முதல் பாதி இன்னும் பிரமாதமா வந்திருக்கும்."

"பாவம், அவங்களுக்கு என்ன கஷ்டமோ," என்று சொல்லிவிட்டு டீச்சர் வாயை இறுக்க மூடிக்கொண்டார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறார் என்று நம்மவர் நெகிழ்ந்து போனார்.

பலகை ஏற்றுகிற நாள் காலை இருவரும் அரங்க வாசலுக்குப் போனார்கள். ஓர் ஆள் உயரத்தில் நீல உடைக்காரி காற்றில் நின்றாள். கீழே இவர் பெயர். இவருக்கு வாயெல்லாம் பல். வாசல் அம்மா சிரித்த முகமாக வந்தார். இவருக்குக் கை கொடுப்பதற்கு முன்னால் பக்கத்தில் நின்ற டீச்சரைப் பார்த்துவிட்டார்.

"அடடே, நீங்களா? இப்போ இருமல் தேவலையாம்மா?"

நம்மவர் முகத்தில் ஈயாடவில்லை. பலகையைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். நீல உடைக்காரியின் தோளைப் பார்த்தார். அது ஒரு நூல் மேலே ஏறியிருந்தது.

"நீயா?"

"ஆமாங்க."

"எப்படி உள்ள வந்தே?"

"அந்த சிவப்புக் கூடு என்னோடதுங்க. மாத்துக் கண்ணாடியைப் போட்டு வைக்கத் திறந்தேன், அட்டை இருந்துச்சு."

மிகச் சின்னக் குரலில், நான் தோற்றிருந்தால் அறை உனக்கு வந்திருக்குமே, பிறகு ஏன் இருமினாய் என்று கேட்டார். டீச்சர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு வருஷமா அந்த மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வர்றீங்க. அதைப் பாக்கறதுக்குக் கட்டில் காலிலேயே இடிச்சுக்கலாம்."

இந்தத் தடவை நம்மவர்தான் இருமினார். சின்ன அறையை இன்றைக்கே காலி செய்துவிடுகிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அரங்க மேலாளர் ஓடி வந்தார். நாளை மத்தியானமே அடுத்த ஒத்திகையாம். முதல் பாதிப் படங்கள் போலவே இரண்டு பாதியும் வேண்டுமாம், முடியுமா என்று கேட்டார். நம்மவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் யோசித்தார். பிறகு தலையசைத்தார். மேலாளர் இரண்டு புது அட்டைகளை நீட்டினார். அவற்றை வாங்கிக்கொண்டது டீச்சர்தான்.

"குனிங்க."

குனிந்தார். கழுத்தில் ஒரு கயிறு விழுந்தது. நெஞ்சில் ஒரு அட்டை ஆடியது.

"கீழ் வரி தெரியுதா?"

நன்றாகவே தெரிந்தது. "துணைக்கு வருபவர்" என்று போட்டிருந்தது.