கார்த்திகேசு அனுப்பிய பின்னணி வேலை

செத்தாலும் கொழுந்தியாளின் அலமாரியைத் தூக்குவதில்லை என்று சனிக்கிழமை காலை கார்த்திகேசு முடிவெடுத்தான்.

கொழுந்தியாள் கலாதேவி அன்று சிம்பாங் பூலாய் ஃபிளாட்டுக்குக் குடிபோகிறாள். அன்றைக்குத்தான் பேட்மிண்டன் இறுதி ஆட்டமும். செமோர் மாமாக் சாப்பாட்டுக் கடையில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். லோரி ஓட்டும் கூட்டாளி சீனி வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. மனைவி தினேஸ்வரி தங்கையைப் பார்க்கக் கிளம்பியதும் இவன் நழுவிவிட வேண்டியதுதான்.

ஈப்போ கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர்களை வீட்டிலிருந்தே மேய்க்கிறவன் அவன். பச்சை எண்களைக் கொட்டுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு புரோகிராமை எழுதினான். அதற்கு 'சும்மா' என்று பேர் வைத்து, கறுப்புத் திரையில் ஓடவிட்டான்.

"என்னங்க, மழ மாதிரி கொட்டுது?"

"சர்வர் வேலைலா. நான் எழுந்திரிச்சா செத்துரும். கம்பெனியே படுத்துரும்."

"ஐயோ! அப்ப அசையாதீங்க." தினேஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"நீ போகலையா?"

"உங்கள இந்த நெலமையில விட்டுட்டா? தண்ணி தவிச்சா யாரு குடுப்பா?"

கொடுத்தாள். முதலில் ஒரு ஜக்கு பார்லித் தண்ணி. பிறகு பால் விடாத கோப்பி ஓ. பிறகு இளநீர். கார்த்திகேசு காலைப் பின்னிக்கொண்டான்.

"தினேஸ், ஒரே நிமிஷம் பின்னால போயிட்டு வந்துர்றேன்."

"கம்பெனி படுத்துருமே!"

வாசலில் ஹாரன் கேட்டது. சீனியின் குரல்: "மச்சான் ரெடியா?"

"வர முடியாதாம் அண்ணே! எழுந்திரிச்சா வேல செத்துருமாம்!"

"அப்படியா? சரி, நான் வேற ஆளப் பாக்குறேன்."

"டேய் சீனி, இருடா!" கார்த்திகேசு அலறினான். "தினேஸ், இங்க பாரு. இந்த வேலைய நிறுத்தி வைக்கலாம்." கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அமுக்கினான். எண்கள் உறைந்தன.

"செத்துருச்சா?"

"உயிரோட இருக்கு. ஜாப்ஸ்னு அடிச்சா என்னென்ன வேல கெடக்குன்னு காட்டும்." அடித்தான். ஒரே ஒரு வரி வந்தது.

தினேஸ்வரி குனிந்து படித்தாள். "ஒன்னு. நிக்குது. சும்மா. சும்மாவா நிக்குது?"

"அது... அதோட பேருலா!" அவசரமாகப் பிஜி என்று தட்டினான். எண்கள் மறுபடி கொட்டின. "பாத்தியா? இனிமே அது பாட்டுக்குப் பின்னணியில ஓடும். நான் இருந்தாலும் ஒன்னுதான், இல்லாட்டியும் ஒன்னுதான்."

"சாயங்காலம் வரைக்குமா?"

"தாராளமா."

"எங்க வேணும்னாலும் போலாமா?"

"கேமரன் மலைக்கே போலாம்!"

"சத்தியமா?"

"உன் மேல சத்தியம்!"

கழிவறைக்கு ஓடினான். நிம்மதியாக வெளியே வந்து, மலேசிய ஜெர்சியை மாட்டிக்கொண்டு வாசலுக்குத் துள்ளினான்.

வாசலில் லோரி நின்றது. பின்னால் கயிறும் கோணிச்சாக்கும். முன் சீட்டில் தினேஸ்வரி ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

சீனி தலையைச் சொறிந்தான். "தங்கச்சி தினேஸ்வரி காலையிலயே போன் பண்ணி லோரி கேட்டுச்சு மச்சான். மாட்டேன்னு சொல்ல வாய் வரல. தூக்க ஆளு நீதான்னுச்சு."

"பேட்மிண்டன்?"

"நானும் ஒன்ன மாதிரி ஆட்டம் பாக்கலாம்னு நெனச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

தினேஸ்வரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "சீக்கிரம் ஏறுங்க. நாலாவது மாடி, லிஃப்ட் வேற ரோசாக், ஓடல."