தம் கெடாத சாமுராய் கதை

வாளை உறையிலிருந்து எப்போது உருவ வேண்டும் என்று ஜப்பான்காரனுக்கே சந்தேகம் வந்தால், அவன் பூந்தமல்லிக்கு வந்து எங்கள் பிரியாணிக் கடை மாஸ்டரைத்தான் கேட்க வேண்டும். சாமுராய் பாய் என்றால் போதும், ஆட்டோக்காரர்கள் கடை வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அப்படி ஓர் ஆளே இந்த ஊரில் இல்லை என்பார்கள்.

நான் அந்தக் கடையில் வெங்காயம் உரிக்கிறவள். ஐந்தாவது வரை படிப்பு. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. "யக்கா வாய யாருக்கோ வாடகைக்கு உட்டுக்கீது, இன்னும் திருப்பித் தரல" என்று பாய் எல்லோரிடமும் சொல்வார். அதற்கும் நான் பதில் பேசினதில்லை.

பாய் பார்ப்பது ஜப்பான் பொம்மைப் படத் தொடர்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அனிமே என்கிறார்கள். அதிலும் சாமுராய் வருவது மட்டும்தான் பார்ப்பார். போனை மிளகாய்த்தூள் டப்பா மேல் சாய்த்து வைத்திருப்பார். பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் அவருடைய கடிகாரம். அரிசியும் கறியும் தேக்சா என்கிற பெரிய அண்டாவில் சேர்ந்து, மூடி போட்டு, ஓரத்தை மைதா மாவால் அடைத்து, மூடி மேல் தணலைப் பரப்பினதும் ஒரு எபிசோடு போடுவார். கடைசிப் பாட்டு ஓய்ந்தால் தம் முடிந்தது என்று கணக்கு. நடுவில் யார் வந்து கேட்டாலும், "சண்டை முடியல, போய் உக்காரு" என்பார். சாப்பிட வந்தவர்கள் யாருக்கும் யாருக்கும் சண்டையோ என்று பயந்துபோய் உட்காருவார்கள்.

இதனால் எந்தத் தொடர் நல்ல தொடர் என்பது அவருக்கு வயிற்றுப்பாட்டு விஷயம். சப்பென்று இருந்தால் கை பரபரத்து மூடியைச் சீக்கிரம் திறந்துவிடுவார். அரிசி நறுக்கென்று நிற்கும். சாப்பிடுகிறவர்கள் முகத்தைச் சுளித்தால், "அந்த சாமுராய் சரியில்ல" என்பார்.

ஐயப்பன்தாங்கல் அடுக்குமாடியிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பி ஒருவர் பார்சல் வாங்க வருவார். அவர் ஒருநாள் புதுத் தொடர் ஒன்றைப் போட்டுக் காட்டினார். அதில் ஒருவன் வெட்டுவதற்கு முன்னால் அந்த வெட்டுக்குப் பெயர் சொல்லிக் கத்தினான். பாய் உடனே நிறுத்திவிட்டார்.

"பேரு சொல்லிட்டு வெட்றவன் இன்னா சாமுராய்? நான் கோழிகிட்ட சொல்லிக்கினா அறுக்கறேன்?"

"பாய், அது ஸ்டைலு."

"ரத்தத்தப் பாரு, பைப்பு ஒடஞ்ச மாரி அடிக்குது. இத்த வரஞ்சவன் ஒருநாள் கறிக்கடைல நின்னதில்ல. அதவிடு, இவ்ளோ நேரமா ஒருத்தனும் ஒருவாய் சோறு துன்னல. துன்னாதவன் வாள எப்பிடித் தூக்குவான்?"

"அப்ப எதுதான் பாய் நல்ல தொடர்?"

"எவன் வாள உருவாம ரொம்ப நேரம் நிக்கிறானோ, அவன் கதையப் பாரு. நிக்கிறப்ப அவன் மூஞ்சில உனக்கு விஷயம் தெரியணும். உருவிட்டா அப்பறம் இன்னா கீது, வெட்டுதான்."

அவருக்குப் பிடித்தது ஒரே தொடர். அதில் வருகிறவனுக்கு எப்போதும் பல்வலி. கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவான். ஜப்பான் பாஷையில்தான் பார்ப்பார். தமிழில் பேசினால் சாமுராய் பஸ் கண்டக்டர் மாதிரி தெரிகிறானாம். கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முகத்தைப் பார்த்தே கதையை முடிவுசெய்வோம். நரைத்த தலையோடு வருகிற ஒருவரைப் பல்வலிக்காரனின் அப்பா என்று வைத்திருந்தோம். கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பிதான் அதைக் கெடுத்தார்.

"பாய், அவன் வில்லன். அந்தாளக் கொல்லத்தான் இவன் சுத்திக்கினு கீறான்."

பாய் யோசித்தார். "அது உங்க ஐயப்பன்தாங்கல்ல. பூந்தமல்லில அவரு அப்பாதான்" என்றார்.

வினை வேறு விதமாக வந்தது. பல்வலிக்காரனும் நரைத்த தலைக்காரரும் பாலத்தின் மேல் எதிரும் புதிருமாக நின்ற இடத்தில் எபிசோடு பொட்டென்று முடிந்தது. மனசு கேட்காமல் பாய் அடுத்ததையும் போட்டுவிட்டார். அதுவும் அவர்கள் நிற்பதிலேயே முடிந்தது. மூடியைத் திறந்தால் பிரியாணி இல்லை, பொங்கல் இருந்தது. வாங்கினவர்கள் திரும்பிவந்து சண்டை போட்டார்கள்.

முதலாளி சமையல்கட்டுக்கே வந்துவிட்டார். "பாய், தொழில் பண்றியா, தியேட்டர் நடத்துறியா?"

"கத பாதில நின்னுச்சு மொதலாளி."

"நாளைக்கு நசரத்பேட்டை மண்டபத்துல கல்யாண ஆர்டர். அதுவும் கொழஞ்சா நான் வேற மாஸ்டரப் பாத்துக்கறேன். போன இப்பிடி குடு."

மறுநாள் காலை மண்டபத்துப் பின்பக்கம் தேக்சாக்களை ஏற்றினோம். மாவு அடைத்து, தணல் பரப்பியாயிற்று. பாய் பழக்கத்தில் மிளகாய்த்தூள் டப்பாவைப் பார்த்தார். அங்கே போன் இல்லை. சுவரில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்தார், தேக்சாவைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"யக்கா, இது ஓடுதா, நிக்குதா?"

"ஓடுது பாய்."

"எனக்கு ஓடல."

கரண்டியை எடுத்து மாவை நோண்டப் போனார். இப்போதே திறந்தால் மொத்தமும் கெட்டுப்போகும். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்த மனிதர், இந்த வயதில் வேலை தேடி எந்தக் கடை வாசலில் போய் நிற்பார்?

"பாலத்துமேல நின்னுக்கினு இருந்தான் இல்ல பாய்" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான்.

பாய் திரும்பினார்.

"கன்னத்துத் துணி காத்துல ஆடுது. அப்பாக்காரரு எதிர்ல நிக்கிறாரு. ரெண்டு பேரு கையும் வாள் மேல கீது. யாரும் உருவல."

பாய் கரண்டியோடு அப்படியே கீழே உட்கார்ந்தார். "உம்" என்றார்.

எல்லாம் சொன்னேன். ஆற்றுத் தண்ணீர் எப்படிப் போனது, அப்பாவுக்கு எந்தக் கால் வலித்தது, அம்மா செத்தபோது அவர் ஏன் வரவில்லை என்றெல்லாம். பரிமாறுகிறவர்கள் வாளியோடு வந்து நின்றார்கள். "சீக்கிரம் தொற பாய், பந்தில உக்காந்துட்டாங்க." பாய் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இப்ப உருவிடுவானா யக்கா?"

வாசம் பிடித்துப் பார்த்தேன். பட்டை வாசம்தான் மேலே வந்தது, அரிசி வாசம் வரவில்லை. அதனால் பாலத்துக்கு முள்ளங்கி விற்கிற கிழவி ஒருத்தியை அனுப்பினேன். நட்ட நடுவில் கூடையைக் கவிழ்த்துவிட்டாள். முள்ளங்கி நாலா பக்கமும் உருண்டது. இவனும் குனிந்து பொறுக்கினான், அப்பாவும் குனிந்து பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே, "பல்லு இன்னும் வலிக்குதாடா" என்று கேட்டார்.

அரிசி வாசம் வந்தது. "அவ்ளோதான் பாய், தொறங்க" என்றேன்.

திறந்தார். அரிசி ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் நின்றது. முதலாளி ஒரு வாய் தின்று பார்த்து, மறுபேச்சில்லாமல் போனைப் பாயின் சட்டைப் பையில் திருப்பிப் போட்டுவிட்டுப் போனார். பந்தி முடியும்வரை பாய் வாளி வாளியாக அள்ளிக்கொடுத்தார். தேக்சா கழுவும்போதுதான் பக்கத்தில் வந்தார்.

"யக்கா, நம்ம பாத்ததுல முள்ளங்கி இல்லியே?"

நான் தேக்சாவின் அடியை இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

"அந்த ஜப்பான்காரனுக்குத் தோணல பாரு" என்றார்.

அந்தத் தொடரின் அடுத்த எபிசோடை நாங்கள் இதுவரை பார்க்கவில்லை. வேண்டாம் என்று பாய் சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் தணல் பரப்பினதும் காலி எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்து, தோள் துண்டால் துடைத்து என் பக்கம் தள்ளுவார். பிறகு கைகட்டி உட்கார்ந்துகொண்டு, "பாலத்துலர்ந்து ஆரம்பி யக்கா, அதே மாரி" என்பார். சொன்னதையே இன்னொரு தடவை சொல் என்று என்னைக் கேட்டவர் இந்த உலகத்தில் அவர் ஒருத்தர்தான்.